ஆள் இருக்கும் அறைக்குச் சுருதி

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், அரிசி மூட்டைகளுக்கும் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவே, நாங்கள் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடினோம். ஆரம்பகால மின்னிசைக் கருவிகளுக்கென்று ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, பிடித்தவர்களை அழைத்து வாசித்துக்காட்ட வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

கடைக்காரர் பாய், அறுபதைத் தாண்டியவர். அவருடைய வாப்பா நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து கடையைத் திறந்தவர். பாயிடம் ஒரு கிளாவியோலின் இருந்தது. மடியில் வைக்கிற அளவுக்கு ஒரு விசைப்பலகை, உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல வால்வு, சூடேறியதும் மகுடிபோல மூக்கால் பாடும். அடுத்தவர் பத்தாங் காலியில் லோரி ஓட்டும் தம்பி. ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாகத் தாளம் போட அந்தக் காலத்தில் செய்த மரப்பெட்டிகளைச் சேர்ப்பவர். மூன்றாவது நான், பள்ளிக்கூடமொன்றின் ஆய்வுக்கூட உதவியாளர். புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் வீட்டில் நானே கட்டிய தெரமின் ஒன்று இருந்தது.

தெரமினைத் தொடாமலே வாசிக்க வேண்டும். பெட்டியிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கம்பிக்குப் பக்கத்தில் வலது கையைக் கொண்டுபோனால் சுரம் ஏறும், விலக்கினால் இறங்கும். பக்கவாட்டில் இருக்கும் வளையத்துக்கு மேல் இடது கையை வைத்துச் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டை, கம்பி, துளை என்று விரலுக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. காதை மட்டும் நம்பிக் காற்றில் இடம் தேட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பேச்சிலேயே போனது. எத்தனை பேர் வருவார்கள், கருவிகளைத் தொட விடலாமா, அறிவிப்பில் என்ன பெயர் போடுவது என்று இழுத்துக்கொண்டிருந்தோம்.

"இருவது பேரு வந்தா போதும்லா," என்றார் லோரித் தம்பி.

"லுஹர் தொழுகைக்கு முன்னாடி முடிச்சிரணும். அப்புறம் கீழ சாப்பாட்டுக் கூட்டம் வந்துரும்," என்றார் பாய்.

மூன்றாம் வாரம் கருவிகளைக் கொண்டுவந்து சோதித்தோம். பாயின் கிளாவியோலின் பாடியது. தம்பியின் பெட்டி சம்பா நடனத் தாளம் போட்டது. நான் கை தூக்கியபோது, சத்தம் கேட்டுக் கடையில் வேலை செய்பவர்கள் நாலு பேர் மேலே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார்கள். சுருதி தாவி ஏறியது. ஒருவர் குனிந்து பார்த்தார், இன்னும் ஏறியது. வீட்டில் வழுக்கிக்கொண்டு வரும் மெட்டு, இங்கே ஊளையாக வந்தது. பெட்டியை அணைத்தேன்.

"நான் வாசிக்கல பாய். நீங்க ரெண்டு பேரும் நடத்துங்க," என்றேன்.

"அக்கா, நீங்க எங்க வச்சு சுருதி சேர்ப்பீங்க?" தம்பி கேட்டார்.

"வீட்டுலதான்."

"கூட யாரு இருப்பா?"

"யாரும் இல்ல."

"அப்ப அது ஆளில்லாத ரூமுக்குச் சேர்த்த சுருதிலா. இங்க ஆளு இருக்கே. மொதல்ல ஆள உக்கார வைங்க, அப்புறம் சேருங்க."

மனித உடம்பு பக்கத்தில் வந்தால் மின்புலம் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மாணவர்களுக்குச் செய்தே காட்டியிருக்கிறேன். ஆனால் இப்படி யோசித்ததில்லை.

அடுத்த வாரம் அப்படியே சேர்த்துப் பார்ப்பது என்று முடிவானது, ஆனால் எனக்குத் தோள் வலி. பெட்டியைத் தூக்கிவரச் சொல்லிக் கணவரை மாடிக்கு அழைத்தேன். அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர். வழக்கமாக என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டு ஆற்றங்கரைக்குத் தூண்டிலோடு போய்விடுவார். வீட்டிலும் நான் தெரமினைத் திறந்தாலே வெளியே கிளம்பிவிடுவார். அவருக்கு இந்தச் சத்தமே ஆகாது என்று இவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தேன்.

"அண்ணே, நீங்களும் உக்காருங்க. ஆளு வேணும்," என்றார் தம்பி.

அவர் படிக்கட்டை விட்டு நகரவில்லை. "நான் கிட்ட வந்தா கெட்டுப்போயிரும்னு இவங்க சொல்லுவாங்க. கீழ இருக்கேன்."

குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோலத்தான் சொன்னார். எனக்கு உடனே நினைவு வந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு, கருவியைக் கட்டி முடித்த வாரம். கோப்பி கலக்கிக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார். சுரம் விலகியது. "தள்ளிப் போங்களேன், உங்களாலதான் கெடுது," என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவர் அதை விதியாக எடுத்துக்கொண்டார். நான் அதை மறந்துவிட்டு, அவருக்கு ரசனை இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உக்காருங்க," என்றேன். "இன்னிக்கு நீங்க இருந்தாத்தான் சேர்க்க முடியும்."

முன்வரிசையில் உட்கார்ந்தார். "மூச்சு விடலாமா?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நான் திருகைத் திருப்பிச் சுருதி சேர்த்தேன். முதல் சுரம் வழக்கமான இடத்தில் இல்லை. ஒரு சாண் தள்ளி நின்றது. கை தடுமாறித் தேடிக் கண்டுபிடித்தது. ஒரு தாலாட்டு மெட்டை முழுதாக வாசித்தேன்.

"இது பாட்டா?" என்றார் அவர். "வெளிய இருந்து கேக்கறப்ப ஆம்புலன்ஸ் மாதிரில்ல இருக்கும்."

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "ஏழு வருசமா நான் சொன்னதுக்காகவா வெளிய போனீங்க?"

சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல அதுக்காகத்தான் போனேன். அப்புறம் மீனும் கெடச்சுது, பழகிப்போச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சாலையோரம் சோளம் விற்ற கடையில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்விட்டார். கார் கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு," என்று அவித்த சோளத்தை நீட்டினார்.

கூட்டம் அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை நடந்தது. பதினேழு பேர் வந்தார்கள். இருமுறை மின்சாரம் தடைபட்டது. அந்த இடைவெளியில் தம்பி மேசையில் தட்டித் தாளத்தை விடாமல் ஓட்டினார். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகோட்டும் ஒருவர் கிளாவியோலினைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார். நான் வாசித்தபோது நடுவில் ஒரு அம்மா எழுந்து போனார், சுருதி கொஞ்சம் இறங்கியது. கையை முன்னால் நகர்த்தி அதைப் பிடித்துக்கொண்டேன். அது யாருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது நான் வாசிக்கும் நேரத்தில் அவர் அதே அறையில் மீன்வலை பின்னுகிறார். எழுந்திருப்பதற்கு முன்னால், "நவுரப் போறேன்," என்று ஒரு குரல் கொடுப்பார்.