ஈரம் படாத இடத்தில் வைக்கவும்

குவாய் சுங் அரசு மருந்தகத்தின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்பவள் ஃபோங் போ-யீ. சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்துக் கொடுப்பாள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வாள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்: "ஈரம் படாத இடத்துல வைங்க." மகன் செக்-ஹோ பள்ளிக்கூடம் போன காலத்தில், அம்மா தூக்கத்தில்கூட அதைத்தான் சொல்கிறாள் என்று அப்பாவிடம் கோள் சொல்வான். அவரும் சிரித்துக்கொண்டே, "உன்னையும் அப்படித்தான்டா வளர்த்தா. மழையில ஒரு நாள் நனைய விட்டிருப்பாளா?" என்பார்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சீனப் புத்தாண்டு முடிந்து தென்காற்று திரும்பிவிட்டால் ஹாங்காங்கில் சுவர்கள் வியர்க்கும். லிஃப்ட் வாசலில் தரை வழுக்கும். அலமாரிக்குள் தோல் செருப்புக்குப் பூஞ்சைத் தாடி முளைக்கும். போ-யீ அந்த நாட்களில் ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட விடுவாள். அதன் தொட்டியில் சேர்ந்த தண்ணீரைக் கழிவறையில் கொட்டும்போது, பகையாளியை ஒழித்துக் கட்டிய திருப்தி அவள் முகத்தில் இருக்கும்.

கணவர் லுக் கின்-சோ காலமான மறுவருஷமே செக்-ஹோவும் மருமகளும் இங்கிலாந்துக்குக் குடிபோனார்கள். லீட்ஸ் என்ற ஊர். ஒண்டிக்கட்டைக்கு இரண்டு அறை வீடு எதற்கு என்று வீட்டு வசதி அலுவலகம் அதே குடியிருப்பில் அவளுக்கு ஒற்றை அறை ஒதுக்கியது. கட்டிலைப் போட்டபின் மேசைக்கு இடம் தேட வேண்டியிருந்தது. மகன் விட்டுப்போன சாமான்களோ நிறைய. கேமராக்கள், லென்சுகள், பெட்டி பெட்டியாக ஃபிலிம், இசைத்தட்டுகள். "கொஞ்ச நாள் வெச்சிரும்மா, வந்து எடுத்துக்கறேன்" என்று விமான நிலையத்தில் சொல்லியிருந்தான். போ-யீ அந்த வாக்கியத்தில் "வந்து" என்ற சொல்லை மட்டும் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

ஆகவே வாடகைக்கு ஒரு குட்டிக் கிடங்கு வேண்டும். குளிரூட்டியது, ஈரப்பதம் கட்டுப்படுத்தியது.

எல்லோரும் இப்படிப்பட்ட இடத்தை, அங்கே காற்று காய்ந்துகிடக்கும் அக்டோபரில் போய்ப் பார்த்து ஏமாறுவார்கள். அப்போது எந்த அறையும் நல்ல அறைதான். போ-யீ சுவர் வியர்க்கிற நாளாகப் பார்த்துக் கிளம்பினாள். கைப்பையில் மருந்தலமாரியில் வைக்கிற மாதிரி ஓர் ஈரமானி. கூட்டிப்போனது நாத்தனார் யூக்-லான். டாக்சி ஓட்டுகிறவள், ஃபிளாஸ்க் நிறையத் தேநீரும் வாய் நிறையப் பேச்சுமாக இருப்பவள்.

முதல் இடத்தில் சோபா, காபி, சிரித்த முகமாக ஒரு பெண். போ-யீ உள்ளே போய் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கை நனைந்திருந்தது.

"ஏசி இருக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

"ராத்திரியிலயும் ஓடுமா?"

"ராத்திரி யாரும் வர மாட்டாங்களே, அதனால..."

"சாமான் ராத்திரி வீட்டுக்குப் போயிடுமாம் அண்ணி, வாங்க" என்று யூக்-லான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டாவது இடம் துறைமுகத்தை ஒட்டிய தரைத்தளம். எலுமிச்சை மணம் தூக்கியது. எதை மறைக்க இவ்வளவு வாசனை என்று போ-யீ வாசலிலேயே திரும்பினாள். மூன்றாவது, பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மேல்தளம். நடைபாதைச் சுவரில் மாட்டியிருந்த ஈரமானிக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்துவிட்டு, முள் நிலைக்கும்வரை நின்றாள். அங்கே பொறுப்பாக இருந்த டிங், முப்பது வயசுக்காரன், நாற்காலி கொண்டுவந்து போட்டான். இரண்டு முள்ளும் ஒத்துப்போயின. இரவு பகல் இயந்திரம் ஓடுமா, மின்சாரம் போனால் மாற்று உண்டா, மேலே தண்ணீர்க் குழாய் போகிறதா என்று கேட்டாள். வெளிச்சுவர் ஒட்டாத உள்ளறையாகப் பொறுக்கி, தரையில் எதுவும் படாமல் இரும்புத் தட்டுகள் போடச் சொன்னாள்.

"பொண்ணு பார்க்க வந்தப்பகூட எங்க அண்ணனை இவ்வளவு கேள்வி கேக்கலை இவங்க" என்றாள் யூக்-லான் டிங்கிடம்.

சாமான் ஏற்றிய அன்று ஒரு சிறு தகராறு. மூங்கில் பட்டையில் சுற்றிய கட்டு ஒன்றை டிங் நிறுத்தினான்.

"இது என்னக்கா?"

"டீ."

"சாப்பாட்டுப் பொருள் வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"டீயை யாராவது மென்னு திம்பாங்களா?"

டிங் தலையைச் சொறிந்தான். "விட்டுடு தம்பி" என்றாள் யூக்-லான். "நாளைக்கு உனக்கு ஜுரம் வந்தா இவங்க ஜன்னல்லதான் போய் நிக்கணும்."

அது பூஅர் தேயிலை, வைக்க வைக்க ருசி ஏறும் ரகம். வட்டு வட்டாக அமுக்கியது. செக்-ஹோ பிறந்த வருஷம் கின்-சோ ஏழு வட்டு வாங்கி, சமையலறையை ஒட்டிய அலமாரியின் தலையில் வைத்தார். தாமரைக் கிழங்குச் சூப்பின் ஆவியும் மழைக்காலத்துக் காற்றும் அதன்மேல் வருஷக்கணக்கில் அடித்தன. மகன் கல்யாணத்தன்று ஒன்றை உடைத்தார்கள். குடித்தவர்கள் அப்புறம் வெகுநேரம் பேசவில்லை. மிச்சம், பேரப்பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆனதும் வைக்கிற முழுமாத விருந்துக்கு என்று சொல்லிவைத்தார் கின்-சோ. அந்த விருந்துக்கு அவர் இருக்கப் போவதில்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அதனால் அந்தத் தேயிலைமேல் போ-யீக்கு எல்லாவற்றையும்விடக் கரிசனம். மருந்துப் புட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு குட்டிப் பொட்டலம் வருமே, காலியான புட்டிகளிலிருந்து அவற்றைச் சேர்த்து வைத்திருந்தாள். கேமராப் பெட்டிகளுக்கு ஒரு கை, ஃபிலிமுக்கு ஒரு கை, தேயிலைக்கு இரண்டு கை. மூங்கில் பட்டையை நெகிழ்த்தி வட்டுகளுக்கு நடுவிலெல்லாம் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போவாள். மடக்கு முக்காலியை விரித்து, தட்டுகளுக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். வெளியே சட்டை உடம்போடு ஒட்டும் வெயிலிலும் உள்ளே மேல்துணி வேண்டியிருக்கும். ஓட்டாமல் வைத்தால் கேமரா இறுகிப்போகும் என்று செக்-ஹோ ஒருமுறை போனில் சொல்லியிருந்தான். அதனால் ஒவ்வொன்றாக எடுத்து, ஃபிலிம் இல்லாத கேமராவை எதிர்ச் சுவரைப் பார்த்துப் பிடித்து, ஒரு முறை அழுத்துவாள். டிக். அடுத்தது. டிக். பையன் பத்து வயதில் மாடிப்படியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் எடுத்த காலத்தில் வீடு முழுக்கக் கேட்ட சத்தம் அது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

"அக்கா இங்க சாமானைப் பார்க்க வர்றாங்களா, சாமான் அக்காவைப் பார்க்குதான்னே தெரியலை" என்பான் டிங்.

வருஷங்கள் போயின. போனில் செக்-ஹோவின் பேச்சு மாறிக்கொண்டே வந்தது. முதலில் "வந்து எடுத்துக்கறேன்", அப்புறம் "யாராவது வரும்போது குடுத்து அனுப்பு", கடைசியில், "வித்துடும்மா. எதுக்கு வாடகை கட்டிக்கிட்டு?"

"எனக்கு இதோட விலை தெரியாது. நீயே வந்து பார்த்து வித்துக்கோ."

அவன் சாமான் இங்கே இருக்கும்வரை அவன் முழுசாகப் போய்விடவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யூக்-லானுக்கு மட்டும் தெரியும். "பாதிப் பிள்ளையைப் பூட்டி வெச்சிருக்கீங்க அண்ணி" என்று ஒருமுறை வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னாள். போ-யீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த வருஷம், முன்னோரைக் கும்பிடும் சிங்மிங் நாளுக்கு, அப்பாவின் அஸ்தி மாடத்தில் பூ வைக்க, செக்-ஹோ வந்தான். தனியாகத்தான். மருமகளுக்கு ஆறாம் மாசம். குழந்தைக்கு அறை ஒழிக்கிறார்களாம், செலவு இழுக்கிறதாம், இந்தக் கிடங்குக் கணக்கையும் முடித்துவிட வேண்டுமாம். கல்லறைக் குன்றிலிருந்து நேராக அங்கேதான் போனார்கள். போ-யீ கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

செக்-ஹோ உள்ளே வராமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு ஒரு லென்ஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஒரு பூஞ்சைக் கீற்று இல்லை.

"எல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும், தூக்கிப் போட்டுட்டுப் போயிடலாம்னு நெனச்சுட்டு வந்தேம்மா" என்றான். "நீ இப்படி வெச்சிருந்தா நான் என்ன பண்றது?"

குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. போ-யீ முக்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள். அன்று சாயங்காலம்வரை பிரித்தான். ஃபிலிம் சுருள்களும் ஒரே ஒரு கேமராவும் அவனோடு போகும். மற்றவை பழைய கேமராக் கடைக்கும் இசைத்தட்டுக் கடைக்கும். இரும்புத் தட்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த மூங்கில் கட்டு மட்டும் இருந்தது. "இதை நான் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

மறுநாள் ஒற்றை அறையில் மூன்று பேர், கட்டிலில் இரண்டும் முக்காலியில் ஒன்றுமாக. சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. பிறக்கப் போகிற குழந்தையின் விருந்து லீட்ஸில்தான் நடக்கும், அதனால் இங்கே முன்கூட்டியே ஒரு வட்டு என்று யூக்-லானே முடிவு செய்திருந்தாள். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை ஊற்றினாள். செக்-ஹோ விரல் கணுவால் மேசையைத் தட்டி நன்றி சொன்னான், அப்பா தட்டுகிறமாதிரியே. அதைக் கேட்டதும் போ-யீ கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள், முகத்தை மறைக்க வாகாக.

குடித்தார்கள். யாரும் பேசவில்லை. ஆனால் இது கல்யாணத்தன்று வந்த மௌனம் இல்லை.

"அண்ணி" என்றாள் யூக்-லான் கடைசியில். "இது டீயா, டீயோட போட்டோவா?"

நிறம் இருந்தது. சுவை மேலாக வந்து நின்றுவிட்டது. மணம் இல்லவே இல்லை. யூக்-லான் மூங்கில் கட்டை இழுத்து மடியில் வைத்து உதறினாள். குட்டிப் பொட்டலங்கள் கட்டில்மேலும் தரையிலும் கொட்டின, கொட்டிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் "உண்ணக் கூடாது" என்று அச்சடித்திருந்தது.

"அடிப்பாவி" என்றாள் யூக்-லான், அண்ணி என்பதையும் மறந்து. "உயிருள்ளதை மருந்து டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டியே."

செக்-ஹோதான் முதலில் சிரித்தான். சிரிப்பு அடங்காமல் கட்டிலில் சாய்ந்தான். "ஈரம் படாத இடத்துல..." என்று தொடங்கி முடிக்க முடியவில்லை. யூக்-லானும் சேர்ந்துகொண்டாள். போ-யீ சிரிக்கவில்லை. கின்-சோ வாங்கியது, அவர் ஆசைப்பட்டது. மூச்சு விட வேண்டியதை அவள் கையாலேயே அடைத்து வைத்திருக்கிறாள்.

"செத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

குரலைக் கேட்டு மற்ற இரண்டு பேரும் நிறுத்தினார்கள். யூக்-லான் வட்டின் ஓரத்தைக் கிள்ளி, வாயருகில் வைத்து ஊதி, மோந்து பார்த்தாள். "இல்ல, இல்ல. தூங்குது. எங்கண்ணன் இதைத்தான் எழுப்பறதுன்னு சொல்வாரு. உதிர்த்து மண் ஜாடியில போட்டு, காத்துப் பட வெச்சா மெல்ல எழும்பும். கொஞ்சம் ஈரம் வேணும் அதுக்கு. நம்ம ஊரு மூச்சு வேணும்."

போ-யீ மகனைப் பார்த்தாள். "நீ எடுத்துட்டுப் போறியாடா? உன் பிள்ளைக்குன்னு வெச்சது."

"அங்க எட்டு மாசம் ஹீட்டர்மா. நீ வெச்சதைவிட மோசமா காஞ்சுபோகும்." அவன் ஒரு பொட்டலத்தை விரலிடுக்கில் உருட்டினான். "இங்கேயே இருக்கட்டும்."

அவள் இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள். "அப்ப குடிக்க எப்ப வருவே?"

கீழே பேருந்து ஒன்று நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

"எழும்பினதும் சொல்லும்மா" என்றான் செக்-ஹோ.

அவன் விமானம் ஏறிய பிறகு அவள் கிடங்குச் சாவியை டிங்கிடம் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமை இனிமே என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேட்டான். "துணி துவைப்பேன்" என்றாள். வீட்டில் மண் ஜாடி ஒன்றை வாங்கி வைத்து, தேயிலையை உதிர்த்துப் போட்டு, மூடிக்குப் பதில் மெல்லிய துணி கட்டினாள். தென்காற்று இன்னும் விடவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களெல்லாம் இறுகச் சாத்தியிருந்தன. போ-யீ இயந்திரத்தை நிறுத்தினாள். ஜன்னலின் கொக்கியை விடுவித்து, இரண்டு விரல் அளவு திறந்து வைத்தாள். கை தயங்கத்தான் செய்தது. அந்தச் சந்து வழியாக ஈரக் காற்று உள்ளே வந்தது. அலமாரியில் ஒரு ஜோடி செருப்பு தாடி வைத்தது. அதைத் துடைத்தாள், ஜன்னலை மூடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் லீட்ஸிலிருந்து போனில் ஒரு வரி வருகிறது. "எழும்பிடுச்சா?"

போன வாரம் அந்த வரி வந்தபோது அவள் துணியை விலக்கி, ஜாடிக்குள் முகத்தை வைத்திருந்தாள். அடியிலிருந்து ஏதோ வந்தது. பழைய மரம், உலர்ந்த பேரீச்சை, கின்-சோவின் அலமாரித் தலை. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகமில்லை. அப்படியே வெகுநேரம் குனிந்திருந்தாள். பிறகு துணியைக் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் நாளாகும் போலிருக்கு. அடுத்த வாரம் கேளு."