கைக்காத கூழ்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று மன்னாரில் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படகு எஞ்சின் திருத்துகிறவன் நான். அந்த இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தித்தான் என் குரல் இப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வேன். மனைவி நம்புவதில்லை. "உங்களுக்குப் பயம் வந்தால்தான் வாய் நீளும்" என்பாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

எங்கள் மகளுக்கு எட்டு வயது. அவளுக்குக் கோதுமை ஆகாது. ஒத்துக்கொள்ளாது என்று சும்மா சொல்கிற வகையல்ல. கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகிவிடும். சீலியாக் என்று கொழும்பில் ஒரு டொக்டர்தான் பெயர் சொன்னார். அதற்கு முன் பூச்சி என்றார்கள், நாவூறு என்றார்கள், கோதுமைப் பாணைத் தேத்தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் வயிற்றில் நிற்கும் என்றார்கள். நாங்களும் மடையர்கள் மாதிரி நனைத்து நனைத்துக் கொடுத்தோம். கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் ஊதிக் கிடந்தது பிள்ளை. பாணை நிறுத்திய பிறகுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது.

போன வருடம் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ பாசத்தில் ஒரு துண்டு கேக்கை அவள் வாயில் வைத்துவிட்டார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி தொடங்கியது, வாந்தியென்றால் வாந்தி. நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற நரம்பு அகப்படாமல் கையிலும் காலிலும் மாறி மாறிக் குத்தினார்கள். அவள் அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தாள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்..." என்று டொக்டர் தொடங்கினார். மிச்சத்தைச் சொல்லவில்லை. அந்த மிச்சத்தை நான் எத்தனையோ தரம் எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் மறைக்கல்வி வகுப்பிலிருந்து சுற்றுலா என்று வந்தது. முசலிப் பக்கம் கடற்கரையோடு புதிதாக ஒரு விளையாட்டுப் பூங்கா திறந்திருந்தார்கள். இராட்டினம், சுற்றும் கிண்ணங்கள், தண்ணீரில் சறுக்கி விழுகிற ஏதோ ஒன்று. நான் ஒரே சொல்லில் ஏலாது என்றேன். மகள் மறுத்துப் பேசவில்லை. போய் மூலையில் இருந்துகொண்டு தன் சப்பாத்தைத் துடைத்தாள். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணம் போயிருந்த மனைவி போனில் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினை காலத்துக்குப் பொத்திப் பொத்தி வைக்கப்போறியள்? சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு நீங்களும் போங்கோவன்."

விடிய எழும்பிச் சோறு வடித்தேன். மீன் குழம்பு வைத்தேன், முட்டை அவித்தேன். சாப்பாட்டுப் பெட்டியின் கொழுக்கி உடைந்திருந்ததால் றப்பர் பட்டி போட்டு இறுக்கினேன். பஸ் நிறையப் பிள்ளைகள், வகுப்பெடுக்கிற மடத்துச் சிஸ்டர், கடைசி ஆசனத்தில் மடியில் பெட்டியோடு நான்.

பூங்கா வாசலில் காவலாளி மறித்தான். வெளிச்சாப்பாடு உள்ளே விடமுடியாதாம். தண்ணீர் மட்டும்தானாம். பிள்ளைகள் கொண்டுவந்த பற்றீஸ், றோல்ஸ், பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இது பிள்ளைக்கு வருத்தச் சாப்பாடு தம்பி" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லீனம் அண்ணன்."

எனக்கு ஏறிவிட்டது. என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மனேச்சர் வந்தார். நான் பேசி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மிக மரியாதையாக, உள்ளே எல்லாச் சாப்பாடும் இருக்கிறது, கேட்டால் எதுவும் செய்து தருவார்கள், பெட்டி வாசலில் பத்திரமாக இருக்கும், பசிக்கும்போது இங்கே வந்து சாப்பிடலாம் என்றார். மகள் என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கோ அப்பா. பரவாயில்லை அப்பா."

பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். அவள் கிண்ணத்தில் சுற்றினாள், சறுக்கினாள், சிநேகிதிகளோடு கூச்சலிட்டாள். நான் நிழலில் நின்று, அவள் கையில் யாரும் எதையும் கொடுக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை ஐஸ்கிறீம் கோனை நீட்டியபோது ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை அழுதது. சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கூடையைப் பார்த்தேன். என் பெட்டிக்கு மேல் மற்ற எல்லாவற்றையும் குவித்திருந்தான். றப்பர் பட்டி அறுந்து, மூடி ஒருபக்கம் கழன்று, யாருடையதோ பற்றீஸ் நசிந்து என் சோற்றுக்கு மேல் கோதுமைத் தூளாகக் கொட்டிக் கிடந்தது.

"கொஞ்சந்தானே அண்ணன். தட்டிப்போட்டுச் சாப்பிடலாந்தானே" என்றான் காவலாளி. பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை, பாவம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். நான் பெட்டியைத் தூக்கி மதிலில் அடித்தேன். மீன் குழம்பு மதிலெல்லாம் வழிந்தது. பிள்ளைகள் பார்க்க, சிஸ்டர் பார்க்க, நான் அங்கே நின்று ஆடினேன்.

"எனக்குப் பசிக்கேல்லை அப்பா" என்றாள் மகள். காலையில் அரைக் கோப்பை பால் குடித்த பிள்ளை. உதடு காய்ந்திருந்தது.

கன்ரீனுக்குப் போனோம். ஃபிறைட் றைஸில் சோயா சோஸ் விட்டிருந்தார்கள். அதில் கோதுமை இருக்கும் என்று டொக்டர் எழுதியே தந்திருந்தார். கொத்துறொட்டி போடுகிற அதே தட்டில்தான் சோற்றையும் பிரட்டினார்கள். கோழியை மாவில் தோய்த்துப் பொரித்தார்கள். அந்த எண்ணெயில்தான் உருளைக்கிழங்கும் பொரிந்தது. இடியப்பம் இருக்கிறது, அரிசி மாதான் என்றார்கள். கோதுமை மா ஒரு பிடியும் போடவில்லையா என்று திருப்பிக் கேட்டேன். "ஒரு பிடி போடாட்டி உடைஞ்சு போகுமே" என்றான் பரிமாறுகிறவன். சோறு மட்டும் தா என்றேன். வெள்ளைச் சோறு முடிந்துவிட்டதாம்.

சோறு தின்கிற நாட்டில் என் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு இல்லை! மேசையில் அடித்துச் சொன்னேன். மகள் கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறிப் போயிருந்ததைப் பார்த்தபோது என் குரல் இன்னும் உயர்ந்தது.

கன்ரீனுக்கு அப்பால், கடல் பக்கமாக, கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் தெரிந்தது. பெரிய மண்பானை. 'மன்னார் ஒடியல் கூழ்' என்று பலகை. ஐயோ, என் மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒடியல் என்பது பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற மா. அதில் கோதுமைக்கு என்ன வேலை? எங்கள் வீட்டில் பிள்ளைக்கென்று ஒரு சட்டி, எங்களுக்கென்று ஒரு சட்டி இல்லாமல் எல்லோரும் ஒரே பானையில் அள்ளிக் குடிக்கிறது கூழ் ஒன்றுதான்.

பானைக்குப் பின்னால் ஒரு வயதான அம்மா நின்றார்.

"என்னென்ன போட்டிருக்கிறியள் அம்மா?"

"ஒடியல் மா, நண்டு, இறால், மீன் தலை, பயித்தங்காய், பலாக்கொட்டை, புளி, செத்தல் மிளகாய். வேறென்ன தம்பி?"

"கோதுமை மா?"

அவர் சிரித்தார். "கூழுக்கு ஆரும் கோதுமை மா போடுவினமோ?"

நானும் சிரித்தேன். காலையிலிருந்து இறுகிப்போயிருந்த தோள் இரண்டும் தளர்ந்தன. பனையோலையில் கோலிய பிளாவில் ஆவி பறக்க வாங்கிக்கொண்டு, சிந்திவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மகளிடம் ஓடினேன். "பார் குஞ்சு, அப்பா என்ன கொண்டு வந்திருக்கிறன் எண்டு!" அவள் ஊதி ஊதிக் குடித்தாள். முதல் மிடறுக்குப் பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எப்பிடி?" என்றேன். "நல்லாயிருக்கு அப்பா" என்றாள். இன்னும் வேணுமோ என்று கேட்டு, இரண்டாவது பிளாவும் வாங்கிக் கொடுத்தேன். அவள் குடித்து முடித்ததும்தான் எனக்கும் பசி என்பது நினைவுக்கு வந்தது.

என் பிளாவில் ஒரு வாய் வைத்தேன். கைக்கவில்லை.

ஒடியல் கூழ் என்றால் உறைப்புக்கும் புளிப்புக்கும் பின்னால் நாக்கின் அடியில் ஒரு சின்னக் கைப்பு நிற்கும். எத்தனை தண்ணீரில் மாவை ஊறவைத்தாலும் அது முழுதாகப் போகாது. இதில் அது இல்லை. பசை மாதிரி வழவழவென்று இறங்கியது. இன்னொரு வாய் குடித்தேன். அதிலும் இல்லை.

பானையடிக்குப் போய் அந்த அம்மாவிடம் இதை யார் காய்ச்சியது என்று கேட்டேன். குசினியிலிருந்து வருவதாம், தான் அள்ளிக் கொடுப்பது மட்டும்தானாம். குசினிக்கு ஓடினேன். சமையல்காரன் மிளகாய் வெட்டிக்கொண்டே சொன்னான். "பிள்ளையள் கைக்குதெண்டு துப்புதுகள் அண்ணை. அதாலை அரைவாசிக்குக் கோதுமை மா கரைச்சு விடுறனாங்கள். இப்ப எல்லாரும் விரும்பிக் குடிக்கினம்."

காலையிலிருந்து கத்தியவன், கத்த வேண்டிய இடத்தில் கல்லாய் நின்றேன். அந்த நேரம் பார்த்து மனைவி போன் எடுத்தாள்.

"சாப்பிட்டவளோ?"

"ஓம்" என்றேன்.

"என்ன குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"காத்து அடிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிஸ்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் முகமும் மாறியது. ஆனால் நிதானமான மனுசி. இதற்கு முன்கூட்டிக் கொடுக்க மருந்து கிடையாது, சத்தி தொடங்கினால் உப்புச்சீனித் தண்ணீர், அதுவும் தங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி, அப்படித்தானே டொக்டர் சொன்னது என்று என்னிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். வாசலில் ஒரு ஓட்டோவை மறித்து நிற்பாட்டி வைத்தார். இனிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மகளுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பார்த்துக்கொண்டிருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்டேன். அவள் கொட்டாவி விட்டால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வயிற்றில் கை வைத்தால் உயிர் போய்வந்தது. ஒருவேளை கொஞ்சம்தானோ, ஒருவேளை இந்தமுறை ஒன்றும் செய்யாதோ, இரண்டாவது பிளாவை நான் ஏன் வாங்கினேன் என்று சுற்றிச் சுற்றி அதே நினைப்பு. வாய்க்குள் மாதாவுக்கு அருள்நிறை மந்திரம் சொன்னேன், பாதியில் விட்டு மறுபடி தொடங்கினேன்.

"இராட்டினத்தில ஒருக்கா ஏறுவமோ அப்பா? நீங்களும் வாங்கோ" என்று கேட்டாள். மெதுவாகச் சுற்றுவதுதானே என்று ஏறினேன். மேலே போனதும் ஒருபக்கம் கடல் தெரிந்தது. மறுபக்கம் பற்றைக்காடு. அவள் "அரிப்பு ஊர் எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். உதட்டைச் சுற்றி வெள்ளையாகியது. நெற்றியில் வியர்வை.

"நிப்பாட்டு! டேய், நிப்பாட்டடா!" என்று கீழே பார்த்து அலறினேன்.

இராட்டினம் சுற்றுகிறவன் பயந்துபோய் உடனே நிற்பாட்டிவிட்டான். நாங்கள் உச்சியில் நின்றோம். காற்றில் கூடை ஆடியது. "இறக்கு, இறக்கு" என்று நான் கத்த, அவனுக்குக் காற்றில் ஒன்றும் விளங்கவில்லை. மகள் என் மடியில் குனிந்து சத்தி எடுத்தாள். ஒருதரம், இன்னொருதரம். நான் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அந்த உச்சியில் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். வெட்கமாக இருக்கவில்லை. இந்தப் பிள்ளை என் கையிலேயே போய்விடப்போகிறது என்று நினைத்தேன்.

ஒருவழியாக எங்களைக் கீழே இறக்கினார்கள். ஓட்டோவில் கொடுத்த உப்புச்சீனித் தண்ணீர் தங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கியபோது கை கால் குளிர்ந்திருந்தது. நல்லகாலம், ஒரு சின்ன வயது நேர்ஸ் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிட்டாள். சேலைன் சொட்டத் தொடங்கியது. பின்னேரம் வெயில் தாழ்ந்தபோது சத்தி நின்றது. நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், இனிப் பயமில்லை என்றார் டொக்டர். மனைவிக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். அவள் ஏசவில்லை. அடுத்த பஸ்ஸில் வாறன் என்று மட்டும் சொன்னாள்.

நான் கட்டிலருகே இருந்து, பயம் இறங்க இறங்கக் கோபம் ஏற, பல்லைக் கடித்துக்கொண்டு புறுபுறுத்தேன். "எல்லாம் அந்தக் குசினிக்காரன்ர வேலை. நாளைக்குப் போய் அவன்ர பானையை உடைக்கிறனோ இல்லையோ பார்."

"எனக்குத் தெரியும் அப்பா" என்றாள் மகள், கண்ணை மூடியபடியே.

"என்ன தெரியும்?"

"அது எங்கட கூழ் இல்லையெண்டு. முதல் மிடறிலயே தெரியும். கைக்கேல்லை."

"பின்னை ஏன் பிள்ளை குடிச்சனீ?"

அவள் கண்ணைத் திறந்தாள். "நீங்கள் சிரிச்சுக்கொண்டு கொண்டு வந்தனீங்கள். காலமையில இருந்து நீங்கள் சிரிக்கேல்லை. சொன்னால் அந்த அம்மாவோடயும் சண்டை பிடிச்சிருப்பியள்."

"ரெண்டாவதையும் ஏன் குடிச்சனீ?"

"நீங்கள்தானே வேணுமோ எண்டு கேட்டனீங்கள்."

கோதுமை எந்தெந்தச் சாமானில் ஒளிந்திருக்கும் என்று நான் இத்தனை காலமும் தேடித் தேடிப் பயந்தேன். என் முகத்துக்குப் பயந்து என் பிள்ளை நஞ்சையும் விழுங்குவாள் என்று எனக்குத் தெரியாது. சேலைன் ஏறுகிற கையைத் தொடப் பயந்து அவள் மற்றக் கையைப் பிடித்தேன்.

"இனிமேல் கூழ் கைக்கேல்லையெண்டால் துப்பு. ஆர் தந்தாலும் துப்பு, நான் தந்தாலும் துப்பு. என்ர முகத்தைப் பாக்காதை குஞ்சு."

"ஓம் அப்பா" என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.