ஹென்டர்சனுக்குக் குடிபோகாத அப்பா

நான்கு வருடங்களுக்கு முன்பு, நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பிளாட் புஷ் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு முகம் சுளிக்கும். இரண்டும் எனக்குப் பழகிப்போன விஷயம்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் என் பிள்ளைகளின் அப்பாவும் கலியாணம் கட்டவில்லை. நான் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். அவர் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். தேவாலயத்தில்தான் தாலி கட்ட வேண்டும் என்று என் வீட்டார் நின்றார்கள், கோயிலில்தான் என்று அவர் வீட்டார் நின்றார்கள். எங்கே கட்டினாலும் மற்றப் பக்கம் வராதாம். பதிவுத் திருமணம் என்றால் இரண்டு பக்கமும் வராதாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் நல்ல ஒற்றுமை! ஒரு பக்கத்தைத் தோற்கடித்துக் கட்டுகிற தாலி வேண்டாம் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். வருடங்கள் ஓடின, மகன் பிறந்தான், மூன்று வருடம் கழித்து மகள் பிறந்தாள். எங்கள் ஆட்களில் சிலர் இன்னும் விசேஷங்களுக்கு எனக்கு ஓர் அழைப்பிதழும் அவருக்கு ஓர் அழைப்பிதழும் தனித்தனியாகத் தருவார்கள். ஒரே வாசலில், ஒரே நேரத்தில், இரண்டு உறை. நான் சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிக்கொள்வேன்.

அந்த வருடம் ஏப்ரலில் வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினார். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை, பிள்ளைகளின் அப்பா சாமான் கிடங்கில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். கையைக் கடித்தது. எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். விசா, வாடகை, வரி என்று யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் ஒரு காசு வாங்காமல் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பார். நல்ல மனுஷி, அதை நான் மறுக்க மாட்டேன். அவரிடம் போனேன்.

இங்கே பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வருமானத்தைப் பார்த்து வரிச் சலுகையாகக் கொஞ்சப் பணம் தருவார்கள். துணையோடு வாழ்ந்தால் இரண்டு சம்பளத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தனி ஆள் என்றால் ஒரு சம்பளம்தான் கணக்கு, பணமும் கூடுதலாக வரும்.

"நீங்கள் ரெண்டு பேரும் கலியாணம் கட்டேல்லைத்தானே? அப்ப ரெண்டு தனி ஆக்கள். மகனை அவர் தன்ர படிவத்தில போடட்டும், மகளை நீர் உம்மட படிவத்தில போடும்" என்றார் அக்கா.

அது சரிதானா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. பதினொரு வருடமாக ஊர் சொல்லிச் சொல்லி, தாலி இல்லாவிட்டால் துணைவர் இல்லை, சட்டமும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றிவிட்டது. பணம் கூடுதலாக வருகிறது என்றால் நோண்டிக் கேட்க மனமும் வராது, உண்மையைச் சொல்வதென்றால் அதுதான். அன்று மாலை குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'உங்களுக்குத் துணைவர் இருக்கிறாரா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் போட்டேன். எனக்குப் பின்னால் பிள்ளைகளின் அப்பா கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார்.

அவரும் தன் படிவத்தை அப்படியே நிரப்பினார். ஐந்தாறு மாதம் பணம் வந்தது. பிறகு ஒருநாள் வரி அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம், அவருக்கு ஒரு கடிதம். இரண்டிலும் ஒரே கேள்விகள். பிள்ளையின் மற்றப் பெற்றோர் எங்கே வசிக்கிறார்? இரண்டு கிழமையில் எத்தனை இரவுகள் பிள்ளை உங்களிடம் தங்குகிறது? நான் எழுதினால் பதினான்கு. அவர் எழுதினாலும் பதினான்கு. எங்கள் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் ஒரு கட்டிலில் மேலும் கீழுமாகப் படுக்கிறவர்கள்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவர் பதறவே இல்லை. "ஹென்டர்சனில என்ர தம்பியின்ர வீடு இருக்கு. உம்மட ஆள் அங்க இருக்கிறார் எண்டு அந்த விலாசத்தைப் போடுங்கோ. மகன் தகப்பனோட, மகள் தாயோட. ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது, பிள்ளைகளுக்கு முன்னாலேயே, இதை அவர்களின் அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "போடுவம். உமக்கு ஒரு பிரச்சினையும் வரக்கூடாது" என்றார். பிறகு, "அப்ப பிள்ளையள் கேட்டால் நான் எங்க இருக்கிறன் எண்டு சொல்லுறது?" என்று கேட்டார். பிள்ளைகளுக்குத் தமிழில் பதில் சொல்லத்தான் பஞ்சியும் சோம்பலும், காது நன்றாகவே கேட்கும் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட வாசலில் மகளின் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மிகவும் மெதுவாக, என் தோளைத் தொட்டு, வீட்டில் ஏதோ மாற்றம் என்று கேள்விப்பட்டேன், உதவி ஏதாவது வேண்டுமானால் தயங்காமல் சொல்லுங்கள் என்றார். என்ன மாற்றம் என்று கேட்டேன். அப்பா ஹென்டர்சனுக்குக் குடிபோகிறார், அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போகிறார், தன்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார் என்று ஐந்து வயது மகள் வகுப்பில் அழுதிருக்கிறாள்.

நான் ஏதோ உளறிவிட்டுக் காருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெட்கத்தைவிடக் கோபம்தான் வந்தது. அக்கா மேல் அல்ல, என் மேல். யாராவது ஒரு சொந்தக்காரர் 'அவர் உனக்கு என்ன முறை?' என்று ஒரு சொல் கேட்டாலே பொரிந்து தள்ளுகிறவள் நான். அவர் என் ஆள், என் பிள்ளைகளின் தகப்பன், இது ஒரு குடும்பம் என்று பதினொரு வருடம் எல்லோரோடும் மல்லுக்கு நின்றவள். யாரும் கழுத்தைப் பிடிக்காமல், நானே உட்கார்ந்து, அவர் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊர் செய்யாததை நான் செய்துவிட்டேன்.

அங்கேயே காருக்குள் இருந்து வரி அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூச்சு விடாமல் சொன்னேன். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கலியாணம் கட்டவில்லை, கட்டுகிற எண்ணமும் இல்லை. இரண்டு பிள்ளைகளும் எங்கள் இருவருடையவர்கள். நான் பிழையாக எழுதிவிட்டேன்.

எத்தனை வருடமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று கேட்டார். பதினொரு வருடம் என்றேன். 'ஏன் இன்னும் கட்டவில்லை' என்று அடுத்த கேள்வி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. விசைப்பலகை தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர், துணைவர்களாகச் சேர்ந்து வாழ்கிறவர்களைக் கலியாணம் கட்டியவர்களைப் போலத்தான் நாங்கள் பார்ப்போம், இரண்டு படிவத்தையும் ஒன்றாக்க வேண்டும், கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்றார். கடுமையும் இல்லை, கனிவும் இல்லை. துணைவரின் பெயரைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எழுத்துக் கூட்டச் சொன்னார். அந்த நீளப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

பணத்தைத் தவணையில் ஒரு வருடத்துக்கு மேல் கட்டினோம். நான் இரவு வேலை கூட எடுத்தேன், அவர் சனிக்கிழமைகளிலும் போனார். முறுமுறுக்கவில்லை. செய்த பிழைக்கு அது நியாயம்தான்.

அதன் பிறகு மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பிறந்தநாள் விழாவில் அக்காவைக் கண்டேன். நாலு பேர் கேட்க, "நான் சொன்ன மாதிரிச் செய்திருந்தால் ஒரு சதமும் கட்டியிருக்கத் தேவையில்லை. சரி, இனியாவது ஒரு தாலியைக் கட்டி மரியாதையாய் இருங்கோவன்" என்றார்.

முன்பென்றால் சிரித்து மழுப்பியிருப்பேன். "அக்கா, அவர் என்ர ஆளில்லை எண்டு எழுதச் சொன்னதும் நீங்கள்தான், இப்ப அவரையே கட்டச் சொல்லுறதும் நீங்கள்தான். நாங்கள் கட்டேல்லை, கட்டவும் மாட்டம். ஆனால் இனி எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அழைப்பிதழ் தந்தால் காணும்" என்றேன். அந்த நேரம் பார்த்து என் ஆள் கையில் தட்டோடு வந்து, "ரோல்ஸ் முடியப் போகுது, உமக்கு ரெண்டு எடுத்து வைச்சனான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அக்கா இப்போதும் எங்களோடு கதைப்பார், அளந்துதான் கதைப்பார். பரவாயில்லை. எங்களை யார் என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் அழைத்துக்கொள்ளட்டும்; எத்தனை ஆயிரம் கிடைப்பதானாலும், எந்தப் படிவத்திலும், அந்த மனுஷன் எனக்கு இல்லை என்று என் கை இனி எழுதாது.