யோகேஸ் அக்காவும் ஏரிக்கரைப் படமும்

அந்தப் படத்தை எடுத்தது யார்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பேருந்தில் எங்களோடு வந்த ஒவ்வொருவரையும், அந்த மத்தியானம் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் பல தடவை நினைவில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை. யோகேஸ் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. “ஆர் எடுத்தாலும் வடிவா எடுத்திருக்கினம்” என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

அவர் இறந்த செய்தி எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் சாப்பாட்டு நேரம். “எமது சங்கத்தின் தூண் சாய்ந்தது” என்று தொடங்கியிருந்தது. கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. தூண் என்ற சொல்லைத் திரும்ப வாசித்தேன். அந்தத் தூணை மேடையிலிருந்து பெயர்த்து மூன்றாம் வரிசை நாற்காலியில் இருத்தியவர்களும் இதே குழுவில்தான் இருக்கிறார்கள்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். ஹரோவின் ரெய்னர்ஸ் லேன் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் ஓய்வு பெறும்வரை மருந்தாளராக இருந்தவர். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பதா பின் எடுப்பதா என்று தமிழில் சொல்ல அங்கே அவர் ஒருவரே இருந்தார். ஆனால் பெரும்பாலானோருக்கு அவர் ஒரு குரல். சங்கத்தின் எந்த விழாவும் அவர் மேடையேறிப் பதிகம் பாடாமல் தொடங்கியதில்லை. கைப்பையில் ஒரு சின்னத் தகர டப்பாவில் கற்கண்டு இருக்கும். ஒரு துண்டை வாயில் போட்டுக் கரைத்துவிட்டுத்தான் ஒலிவாங்கிக்கு முன்னால் போவார். செத்த வீடுகளிலும் அவர்தான் பாடினார். ஹரோவில் தமிழர் வீட்டுப் பெட்டிகள் அநேகமாக அவர் குரலோடுதான் போயின.

சில வருடங்களுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில் சங்கம் சுவிட்சர்லாந்துக்கு ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்தது. ஜெனீவா ஏரியின் கரையோரம், கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் உள்ள லவோ பகுதி. பேருந்தில் புளிச்சாதமும் மீன் ரோல்ஸும் பாட்டுமாகப் போனோம். நான் கூட்டத்தோடு பயணம் செய்வதை விரும்புகிறவள் அல்ல. யோகேஸ் அக்கா தன் பக்கத்து இருக்கைக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டதால் போனேன்.

வெவே நகரில் ஏரிக்குள் ஒரு மிகப் பெரிய முள்ளுக்கரண்டியைக் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். உணவுக்கான அருங்காட்சியகம் அதற்கு எதிரே இருக்கிறது. எல்லோரும் அதைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கையால சாப்பிடுற சனத்துக்கு முன்னால இவ்வளவு பெரிய எச்சரிக்கை தேவையில்லை.” முன்னால் நின்ற எங்கள் சங்கத் தலைவர் கனகர் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார். அவர்கள் இருவரும் அப்போது நல்ல நண்பர்கள். அதையும் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை ஷியோன் கோட்டைக்குப் போனோம். தண்ணீரிலிருந்தே எழுந்தது போல நிற்கும் பழைய கோட்டை. அதன் கீழ்த்தளம் சிறையாக இருந்தது. வளைந்த கூரை, பருத்த தூண்கள், ஒரு தூணில் இரும்பு வளையம். சின்னச் சாளரங்களால் நுழைந்த ஏரி வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது. வழிகாட்டி யாரை எந்தத் தூணில் கட்டினார்கள் என்று விளக்கினார். அக்கா என் காதில் கேட்டார்: “பேர் தெரியாத ஆக்களும் இஞ்ச செத்திருப்பினம் என்ன?”

“ஓம் அக்கா. அவையின்ர கதையைச் சொல்ல ஒருத்தரும் இல்லை.”

அவர் கைப்பையைத் திறந்து கற்கண்டு டப்பாவை எடுத்தார். பிறகு அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று, ஒருவரிடமும் கேட்காமல், செத்த வீட்டில் பாடும் பதிகத்தைப் பாடத் தொடங்கினார். கல் அந்தக் குரலை வாங்கி மெல்லத் திருப்பிக் கொடுத்தது. வேற்று நாட்டுப் பயணிகள் அசையாமல் நின்றார்கள். ஊரில் போர்க்காலத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராத ஒரு தம்பி அவருக்கு இருந்தார். அந்தத் தம்பிக்கு ஒரு செத்த வீடு நடக்கவில்லை. இது எனக்குத் தெரியும் என்பதால் நான் ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பாட்டு முடிந்ததும் கனகர் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கட அக்கா! எங்கட அக்கா!” என்று பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரரிடமெல்லாம் சொன்னார். அவர் எடுத்த காணொளி மத்தியானத்துக்கு முன்பே குழுவுக்கு வந்துவிட்டது.

மத்தியானம் ஒரு சின்ன ரயில் எங்களைத் தோட்டங்களுக்கூடாக ஏற்றிச் சென்றது. மலைச்சரிவு முழுவதும் கல்மதில் கட்டிய படிகள், ஒவ்வொரு படியிலும் திராட்சை, கீழே ஏரி. இந்தக் கொடிகளுக்கு மூன்று சூரியன் என்று வழிகாட்டி சொன்னார்: வானத்தில் ஒன்று, ஏரியில் தெறிப்பது ஒன்று, பகலில் கல்மதில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பிக் கொடுப்பது ஒன்று. கல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பது சரி, மூன்று என்பது சுற்றுலாக்காரரின் கணக்கு என்றேன்.

“நீர் ஒரு சூரியனையே ஆதாரம் காட்டினால்தான் நம்புவீர்,” என்றார் அக்கா.

ரயில் ஒரு வைன் செய்யும் வீட்டின் முன் நின்றது. நிலவறையில் பெரிய மரப் பீப்பாய்கள். வீட்டுக்காரி எல்லோருக்கும் சுவை பார்க்கச் சின்னக் கிளாசுகளில் ஊற்றத் தொடங்கினார். அதன் பின் நடந்ததை எங்கள் ஆட்கள் இல்லாத எந்தக் கூட்டத்திலும் பார்க்க முடியாது. பெண்கள் தபாலட்டைகளில் திடீரென அக்கறை கொண்டு கடைப்பக்கம் நகர்ந்தார்கள். ஆண்கள் மனைவிமாரைப் பார்த்து, “ச்சீ, வேண்டாம்” என்று கையை அசைத்தார்கள். கனகர் அண்ணை சில போத்தல்களை வாங்கி, “வேலையில வெள்ளைக்காரருக்குக் குடுக்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் எல்லோரும் பேருந்துக்குப் பின்னால், தேநீருக்குக் கொண்டுவந்த கடதாசிக் கோப்பைகளோடு நின்றார்கள்.

யோகேஸ் அக்கா வீட்டுக்காரி நீட்டிய கிளாசை வாங்கினார். நன்றி சொன்னார். வெளியே வந்து, பேருந்தின் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்: “தம்பிமார், தேத்தண்ணி சுடும், ஊதிக் குடியுங்கோ!”

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

அவர் கல்மதிலில் சாய்ந்து, ஏரியைப் பார்த்தபடி ஒரு மிடறு குடித்தார். வாழ்நாளில் முதல் தடவை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மருந்தாளருக்கே உரிய கவனத்தோடு யோசித்துச் சொன்னார்: “முதல்ல பச்சை அப்பிள். பிறகு கல்லு.” இன்னொரு மிடறு. “இதை ஏன் ஒளிச்சுக் குடிக்கினம்? வெளிச்சத்தில குடிச்சால் இதுவும் ஒரு சாப்பாடுதானே.” பிறகு எதற்கோ சிரித்தார். கிளாசை நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, தலையைக் கொஞ்சம் சரித்துச் சிரித்தார். அந்தக் கணத்தில்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள்.

படம் எந்தக் குழுவில் முதலில் விழுந்தது என்று தெரியாது. ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு மச்சாளிடமிருந்துதான் அது அக்காவுக்குத் திரும்பி வந்தது. கீழே ஒரு வரி: “எங்கட பாட்டுக்கார அக்காவின் புதுப் பதிகம்.” பிறகு சிரிக்கும் முகங்கள். கோட்டையில் பாடிய காணொளி ஒரு பகலோடு மறந்துபோனது. படம் மறக்கப்படவில்லை.

தைப்பொங்கல் விழாவுக்கு முன் கனகர் அண்ணை அவருக்குத் தொலைபேசினார். நான் அக்காவின் குசினியில் இருந்தேன். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாங்கள் பிழையா ஒண்டும் நினைக்கேல்லை. சனம் கதைக்குது. இந்தமுறை இளம் பிள்ளையள் ஆரும் பாடட்டும் எண்டு கமிட்டி யோசிக்குது. அடுத்த தலைமுறைக்கும் இடம் குடுக்கத்தானே வேணும்?”

“ஓம், குடுக்கத்தான் வேணும்,” என்றார் அக்கா. “நல்ல சுருதிப் பெட்டியா வையுங்கோ. உங்கட பெட்டி கறகறக்குது.”

அன்று பாடிய சிறுமி நன்றாகவே பாடினாள். முதலில் கை தட்டியது அக்காதான். அதற்குப் பிறகு எல்லா விழாவுக்கும் வந்தார். மூன்றாம் வரிசை, கரையோர நாற்காலி. மடியில் கைப்பை. அதற்குள் கற்கண்டு டப்பா. யாராவது கடைசி நேரத்தில் வராமல் போகலாம், யாராவது “அக்கா, வாங்கோ” என்று சொல்லலாம். அவர் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொள்வதைப் பக்கத்தில் இருந்த நான் ஒவ்வொரு விழாவிலும் பார்த்தேன்.

செத்த வீடுகளுக்கு மட்டும் தொடர்ந்து கூப்பிட்டார்கள். அந்தப் பதிகங்கள் வேறு யாருக்கும் பாடமில்லை. பிணத்துக்கு முன்னால் பாட அவருடைய வாய் சுத்தமாகத்தான் இருந்தது. ஒலிவாங்கிக்கு முன்னால்தான் அது தீட்டாகிவிட்டது. பேருந்துக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் பொருளாளராகத் தெரிவானார். கனகர் அண்ணை தலைவராகவே தொடர்ந்தார்.

பொதுக்கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்கப்போகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். மறித்துவிட்டார்.

“நீர் ஒண்டும் கதைக்காதையும். நீர் கதைச்சால் அவை நியாயம் பிரிப்பினம். எனக்கு நியாயம் வேண்டாம் பிள்ளை, பாட்டுத்தான் வேணும். கேட்டு வாங்கிப் பாடுற பதிகம் பதிகமே?”

அவர் சொன்னது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று இப்போது குழுவில் எழுதுகிறார்கள். பெருந்தன்மை மற்றவர்களுக்கு மிகவும் வசதியான குணம்.

ஆனால் ஒன்று செய்தார். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, விறாந்தையில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி மாட்டினார். வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றக் குனிவது போலப் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். “பின்னால தெரியிறது ஏரி. கையில இருக்கிறது வைன்,” என்று அக்கா, கேட்காமலே, அருங்காட்சியக வழிகாட்டியைப் போல விளக்குவார்.

தகனத்தன்று பாட ஆள் இருக்கவில்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்த்து வரிகளை வாசித்தார். பாதியில் திரை அணைந்துவிட்டது. அதைத் தட்டித் தட்டித் திறக்கும்வரை எல்லோரும் பொறுமையாக நின்றார்கள்.

மெல்பேணிலிருந்து வந்திருந்த மகன் பிரதீபன், வீட்டை ஒதுக்கும்போது என்னைக் கூப்பிட்டார். சட்டம் போட்ட படத்தையும் கற்கண்டு டப்பாவையும் என் கையில் தந்தார். “அன்ரி, இது ரெண்டும் நீங்கள் வச்சிருங்கோ. அம்மா இந்தப் படத்தில மட்டும்தான் இப்பிடிச் சிரிக்கிறா. சங்கத்தில நல்ல போட்டோ ஒண்டு கேட்டவை, இதைத்தான் ஃபோனில எடுத்து அனுப்பினனான்.” நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை. நானும் அன்று சொல்லவில்லை. டப்பாவில் பாதிக் கற்கண்டு இன்னும் இருக்கிறது. அதையும் படத்தையும் நான் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் குடித்தால் அதுவும் சாப்பாடுதான் என்ற அவர் சொல்லையும்.

அதற்கு அடுத்த வாரம் கனகர் அண்ணை தொலைபேசினார். முப்பத்தோராம் நாள் அஞ்சலிக் கூட்டத்துக்கு ஒரு நினைவு மலர் வெளியிடுகிறார்களாம். அக்காவோடு நெருங்கிப் பழகியவள் நான்தான், நான் எழுதவேண்டுமாம்.

“எழுதிறன் அண்ணை.”

“நல்லது, நல்லது. அந்த சுவிஸ் விஷயத்தை மட்டும் விட்டிடுங்கோ. செத்துப்போன மனிசியின்ர மரியாதைக்காகச் சொல்லுறன்.”

“கோட்டையில பாடினதும் சுவிஸ் விஷயம்தான் அண்ணை. அதையும் விடவோ?”

“அது போடலாம்,” என்றார். “மற்றது வேண்டாம்.”

“ரெண்டும் ஒரே நாள். ஒரே வாய். அந்தக் கிளாஸ் இல்லாமல் எனக்கு எழுத ஏலாது.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ தங்கச்சி. சனம் வாசிக்கிற புத்தகம்,” என்றுவிட்டு வைத்தார். நான் யோசிக்கவில்லை. அன்று பின்னேரமே இதை எழுதத் தொடங்கினேன். மலரில் இது வராது என்று தெரிந்துதான் எழுதினேன்.

மறுநாள் காலை அஞ்சலிக் கூட்டத்தின் அறிவித்தல் குழுவுக்கு வந்தது. நடுவில் யோகேஸ் அக்காவின் படம், அதே படம். அதே ஏரி, அதே கல்மதில், அதே சரிந்த தலை, அதே சிரிப்பு. கிளாசை மட்டும் அழித்திருந்தார்கள். விரல்கள் நெஞ்சுக்கு நேரே, ஒன்றுமில்லாததைச் சுற்றி வளைந்து நின்றன. கீழே நிகழ்ச்சி நிரல். அதன் முதல் வரி: “இறைவணக்கம் — அமரர் யோகேஸ்வரி அவர்களின் குரலில், ஷியோன் கோட்டை ஒலிப்பதிவு.”