மடிக்கொடியும் என் கொடியும்

வலியசாலை வீட்டுக் கூடத்தில் என் மாமியாருக்கென்று ஒரு கொடி உண்டு. குளித்ததும் அவர் உடுத்தும் மடிப்புடவை அதில்தான் காயும். வேறு துணி அதன்மேல் பட்டால் போச்சு. புடவையை மறுபடி நனைத்து உலர்த்தவேண்டும், அவரும் மறுபடி குளிக்கவேண்டும். அதுவரை அடுப்பு எரியாது.

இடவப்பாதி என்கிற ஜூன் மாத அடைமழையில் பின்கட்டில் எதுவும் காயவில்லை. ஈரப்புடவையோடு பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தி அலுத்துவிட்டேன். கூடத்தில் எனக்கும் ஒரு கொடி கட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன்.

"கட்டிக்கோ. ஒரு தடவை பட்டுதோ, ஒன் கொடி பின்கட்டுக்குப் போயிடும், ஆமா."

பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்துகிறவளிடம் சவாலா? கூடத்துச் சுவர்கள் கோணல். கண்ணை நம்ப முடியாது. தரையோடுகளை எண்ணினேன். அவர் கொடி நீளவாக்கில் பன்னிரண்டு ஓடு போவதற்குள் பக்கவாட்டில் மூன்று விலகியது. எனக்கு இருந்த இடத்தில் எட்டு ஓடுதான் போகமுடியும். அப்படியானால் இரண்டு விலகவேண்டும். பன்னிரண்டை இரண்டாலும், மூன்றை எட்டாலும் பெருக்கினால் இரண்டுமே இருபத்துநாலு. வெக்டர் குட்டையானாலும் இணைதான். பிளாஸ்டிக் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு, "ஆயுசுக்கும் முட்டாதம்மா" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் மழைக்காகக் கலெக்டர் லீவு விட்டிருந்தார். நான் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து குரல் வந்தது.

"பட்டுடுத்துடி!"

ஓடினேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கியது புடவை. சிந்தெடிக் புடவைகள் இரண்டும் கயிற்றின் கோடிக்கு வழுக்கிப் போய்க் குவிந்து, ஃபேன் காற்றில் உப்பி, மாமியாரின் ஒன்பது கஜத்தோடு உரசிக்கொண்டிருந்தன. அந்தக் கோடியில் எனக்குக் கை எட்டவில்லை என்று ஆணியை ஒரு சாண் தாழ்த்தி அடித்திருந்தேன்.

"நான் போட்ட கணக்கு தப்பும்மா. ரெண்டு திசைதான் பார்த்தேன். ஒசரத்தை விட்டுட்டேன். ஒங்க கொடி கீழே எறங்கவே இல்லை, என்னோடது எறங்கறது. மூணும் ஒத்துண்டாதான் இணை."

கயிற்றை அவிழ்க்கப் போனேன். வகுப்பில் இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் குறைத்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது. இனி அடைமழை முடியும்வரை ஈரப்புடவைதான்.

"இந்தாத்துல தப்புன்னு வாய்விட்டு ஒத்துண்டது நீதாண்டி மொதல் ஆள்" என்றார் மாமியார். "ஒன் ஆம்படையான் இருக்கானே, இன்னிக்கு வரைக்கும் ஒத்துண்டதில்லை. ஏறு. ஆணியைப் பிடுங்கி மேலே அடி."

முக்காலிமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அது ஆடியது. குளித்த உடம்போடு காலையில் யாரையும் தொடாத அந்த மனுஷி சட்டென்று என் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எப்படியும் இன்னொரு தடவை குளிக்கத்தானே போறேன். பயப்படாம அடி."

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, முதல்முறையாக அவர் கை என்மேல் பட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆணி வளைந்து போயிற்று.