ஏழாம் கட்டிலில் படுத்திருந்த டம்மி மாமா

என் அக்காவின் கணவர் ஒரு மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவின் தலைவர். தலைவர் என்றால், அவருக்குக் கீழே ஒரு பிரிண்டரும் கை உடைந்த நாற்காலி ஒன்றும் இருக்கின்றன. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ரத்த வங்கியில், எனக்கு வேலை. ஆக, அத்தானை வீட்டிலும் பார்க்கிறேன், வேலையிலும் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்த பிறகு மரியாதை எங்கிருந்து வரும்?

அத்தானின் வாழ்நாள் சாதனை ஓர் அட்டவணை. நோயாளிக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே பெயர், வயது, ரத்த வகை, படுத்திருக்கும் கட்டில், கட்டில் கிடக்கும் வார்டு, பார்க்கும் டாக்டர், அந்த டாக்டரின் போன் நம்பர் என்று அறுபத்து மூன்று கட்டங்கள். ஒரு டாக்டர் நாற்பது பேரைப் பார்த்தால் அவர் நம்பர் நாற்பது தடவை இருக்கும். போன வருஷம் எலும்பு டாக்டர் நம்பரை மாற்றினார். அத்தான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முப்பத்தேழு இடத்தில் திருத்தினார். மீதி மூன்று பேருக்காக நர்சுகள் போன் போட்டால் யாரோ ஒரு லாரி டிரைவர் எடுத்தார். மூன்றாவது தடவை அவரே முழங்கால் வலிக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. தேடவே வேண்டாம்," என்று அத்தான் பெருமை பீற்றுவார்.

"ஒரே விஷயம் நாப்பது இடத்துல இருக்கு அத்தான். டாக்டர் விஷயத்தை டாக்டர் பேர்ல ஒரு தடவை எழுதுங்க. கட்டிலுக்குத் தனி அட்டவணை, நோயாளிக்குத் தனி. யார் எந்தக் கட்டில்னு சேர்க்கிறதுக்கு நம்பர் போதும்."

"நீ ரத்தத்தைப் பாரும்மா," என்பார்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். ஃப்ரிட்ஜ் கதவில் 'குடும்ப விவரம்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரே வரி, அத்தானுடைய வரி. பன்னிரண்டாவது கட்டத்தில் 'மனைவி'. பக்கத்துக் கட்டத்தில் 'மனைவியின் போன்'. "அக்காவுக்குன்னு ஒரு வரி இல்லையா?" என்று கேட்டேன். "அவ தனியா எதுக்கு? நான் இருக்கிற இடத்துலதானே இருக்கா," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலையில் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு பெண் சர்ஜன் வந்தார். அவருக்காகப் பெண்கள் வார்டில் ஏழாவதாக ஒரு கட்டில் போட்டார்கள். அத்தானின் அட்டவணையிலோ நோயாளி இல்லாமல் டாக்டரையும் எழுத முடியாது, கட்டிலையும் எழுத முடியாது. புத்தியுள்ள எவரும் இங்கே அட்டவணையைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அத்தான் ஒரு நோயாளியைத் தயாரித்தார். ஐம்பத்திரண்டு வயது ஆண், ஏபி பாசிட்டிவ் ரத்தம், ஏழாம் கட்டில், புது சர்ஜன். நர்சுகள் அவருக்கு 'டம்மி மாமா' என்று பேர் வைத்தார்கள். வேளை தவறாமல் அவருக்குச் சாப்பாடு வந்தது. அவர் எதையும் தொடுவதில்லையே என்று கவலைப்பட்டு சமையல் பிரிவிலிருந்து இரண்டு குறிப்பு அனுப்பினார்கள்.

பத்தே நாளில் அக்காவுக்கு வயிற்று வலி முற்றியது. கர்ப்பப்பையில் கட்டி, உடனே எடுக்க வேண்டும் என்றார் அந்தப் புது சர்ஜன். அவருடைய முதல் நோயாளி அக்காதான். சேர்க்கப் போனால் ஏழாம் கட்டில் காலியில்லை என்றது கம்ப்யூட்டர். மற்ற கட்டில்களில் நிஜமாகவே ஆள் இருந்தது.

"டம்மி மாமாவைத் தூக்குங்க அத்தான்," என்றேன்.

"தூக்கினா டாக்டரம்மாவும் போயிடுவாங்க, கட்டிலும் போயிடும். அவங்க இருக்கிறதே அந்த வரியிலதான்," என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வர வேண்டுமே! வரவில்லை. "பொறு, வழி இருக்கு," என்று அரை நிமிஷம் தட்டினார். கட்டில் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டு என் மேசைக்குத் தாள் வந்தது. அக்காவின் பெயர், அக்காவின் வயது, ஏபி பாசிட்டிவ். கூடவே அவள் ரத்தத்தின் சாம்பிள். சோதித்தேன். ஓ நெகட்டிவ். மறுபடி சோதித்தேன். ஓ நெகட்டிவ்தான். தாளை மட்டும் நம்பி ஒரு பை அனுப்பியிருந்தால் அக்காவை உயிரோடு பார்த்திருக்க மாட்டோம். சர்ஜனிடம் சொன்னேன். அவர் ஆபரேஷனை அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்தார். அங்கிருந்து நேராகப் பதிவேட்டு அறைக்கு ஓடினேன்.

"சாம்பிள் மாறியிருக்கும். அட்டவணையில ஏபி பாசிட்டிவ்னுதானே இருக்கு," என்றார் அத்தான்.

"அது டம்மி மாமாவோட ரத்தம்! அவர் வரியிலேயே அக்கா பேரை எழுதிட்டீங்க. பேர், வயசு, ஆணுக்குப் பொண்ணு எல்லாம் மாத்தினீங்க, ரத்தத்தை விட்டுட்டீங்க. ரத்தம் ஆளைப் பொறுத்தது அத்தான், கட்டிலைப் பொறுத்தது இல்ல!"

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தார்.

பிற்பகலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். மூன்று அட்டவணை போட்டார். சர்ஜன் நோயாளி இல்லாமலே ஒன்றில் இருந்தார், ஏழாம் கட்டில் ஆள் இல்லாமலே இன்னொன்றில் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு பழைய வரியை அழித்தார். திறந்து பார்த்தால் சர்ஜனும் போகவில்லை, கட்டிலும் போகவில்லை. ஏதோ அதிசயம் நடந்தது மாதிரி என்னைப் பார்த்தார். அப்புறம் அக்காவுக்கென்று முதல் வரி.

"ரத்த வகை?" என்று கேட்டார்.

"ஓ நெகட்டிவ். நெகட்டிவ் ரத்தம்னு ரெண்டு பிரசவத்துக்கும் ஊசி வாங்க ஓடினது நீங்கதானே? அதுகூட மறந்து போச்சா?" என்றாள் அக்கா.

தலையைக் குனிந்தபடி எழுதினார். பழக்க தோஷம், அடுத்து, "கட்டில் நம்பர்?" என்றார்.

"அது எதுக்கு என் வரியில? நாலஞ்சு நாள்ல நான் எழுந்து வீட்டுக்குப் போவேன். கட்டிலும் கூட வருமா? என் வரியில என்னை மட்டும் எழுதுங்க. போனதும் அந்த ஃப்ரிட்ஜ் தாளையும் கிழிச்சுப் போடுங்க."

அத்தான் அந்தக் கட்டத்தை அழித்தார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கு முன் என் மேசைக்கு வந்த தாளில் ஓ நெகட்டிவ் என்று சரியாகவே இருந்தது. இருந்தாலும் அதை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாகச் சாம்பிள் எடுத்து இன்னொரு தடவை சோதித்தேன். எழுதியவர் அத்தான் அல்லவா.