தீட்டோடு விதைத்த சாமை

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் மிஷன் சிஸ்டர் என்றால் அது ஜெயசுதாதான். அவள் கன்னியாஸ்திரி இல்லை, சர்ச்சுக்குப் போகிறவளும் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு குடியானவர் வீட்டுப் பெண், நர்ஸ் படிப்புப் படித்தவள், நெற்றியில் குங்குமம் இல்லாமல் வேலைக்கு வரமாட்டாள். ஆனால் சம்பளம் கொடுப்பது மிஷன், இரண்டு கட்டில் போட்ட அந்த ஆஸ்பத்திரியும் மிஷனுடையது. ஆகவே அவளும் மிஷன் சிஸ்டர். எத்தனையோ முறை விளக்கிச் சொல்லிப் பார்த்தாள், ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

ஆறு மாதம் இருந்துவிட்டு இறங்கிவிடலாம் என்று மலையேறியவளுக்கு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஏன் இறங்கவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பலாப்பழம் கிடக்கும், வைத்தது யாரென்று கடைசிவரை தெரியாது. ஜீப்பில் இடம் இல்லை என்றால் யாராவது ஒருவர் இறங்கி நின்று, "சிஸ்டரு ஏறட்டும், நான் நடந்து வர்றேன்" என்பார். பிரசவம் பார்த்த வீட்டில் சாமைச் சோறு தின்னாமல் கிளம்ப முடியாது, வயிறு நிறைந்திருக்கிறது என்று சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்புறம் எதிர்வீட்டுத் திரௌபதி. இவளைவிட நாலைந்து வயது மூத்தவள், வாய் ஓயாதவள். வியாழக்கிழமை தவறாமல் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து ஜெயசுதாவின் தலையைப் பிடித்து உட்காரவைத்து, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் ஒரு சுற்று வைதுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

ஊர்க்கவுண்டர் மாதையனுக்கு நல்லதைக்கூடத் திட்டித்தான் சொல்லத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் கலைவாணிக்குப் பிரசவ வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடந்தது. ஜெயசுதா அவளை ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டு உயிரும் பிழைத்தன. அந்த வருஷத்திலிருந்து ஊரில் சாமை விதைக்கும்போது முதல் கைப்பிடி அவள் கையால்தான் விழவேண்டும் என்று மாதையன் சொல்லிவிட்டார். கைராசிக்காரி என்று பேரும் ஆகிவிட்டது.

இந்த வருஷம் ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, கீழேயிருந்து போன் வந்தது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அவள் தம்பி நவீன்குமார், பைக்கில் போகும்போது லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான். அப்பா அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். இவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. இருந்தது அவன் ஒருத்தன்தான்.

போனாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். தம்பியோடு வேலை செய்த பையன் ஒருவன் கொள்ளி வைத்தான். "அழுதுடும்மா, நெஞ்சுல வச்சிக்காத" என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னபோது, இவள் அந்த அம்மாவின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து, "சுகர் பாத்தீங்களா?" என்று கேட்டாள். அழுகை வரவில்லை. துக்கம்கூட வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கைகால் மரத்துப்போனால் கிள்ளினால் தெரியாதல்லவா, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அந்த வீட்டில் யாருக்காக உட்கார்ந்திருப்பது? திங்கட்கிழமை பஸ் பிடித்து, ஜீப் மாறி, மலைக்கு வந்துவிட்டாள்.

"ஊர்ல எல்லாம் நல்லாருக்காங்களா?" என்று திரௌபதி கேட்டாள்.

"ம்" என்றாள் ஜெயசுதா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. வாயைத் திறக்கச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை விதைக்கூடையோடு வந்து கூப்பிட்டார்கள். எழுந்து போனாள். முதல் நாள் மழையில் மண் நன்றாக நனைந்திருந்தது. கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி வீசினாள். பெண்கள் குலவை போட்டார்கள். ஊர் விதைக்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில் அவளை இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது. ஒன்பது வருஷம் இந்த மலையில் இருந்தவளுக்கு இது தெரியாதா? சாவு விழுந்த வீட்டுக்காரரும் அவருடைய பங்காளிகளும் தீட்டு கழியும்வரை விதையைத் தொடக்கூடாது. பங்காளி தெரியாமல் தொட்டுவிட்டால், ஊரே கூடிப் பதினோரு நாள் தீட்டுக் காத்தால் போதும். வெளியாள் தொட்டால் கதையே வேறு. விதைத்ததை உழுது அழிக்கவேண்டும், அந்த ஆளை அப்புறம் எந்த வீட்டுக்குள்ளும் விடக்கூடாது. எல்லாம் அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அது நினைவிலேயே இல்லை. தம்பி செத்ததே அவளுக்குள் இன்னும் போய்ச் சேராதபோது தீட்டு எங்கே போய்ச் சேரும்.

வியாழக்கிழமை திரௌபதி எண்ணெயோடு வந்தாள். ஜெயசுதா தலையை நகர்த்திக்கொண்டாள்.

"வேணாங்க்கா. எங்க பக்கம் பதினாறு நாள் எண்ணெய் வைக்கக் கூடாது. தம்பி செத்துட்டான்."

மருந்துச்சீட்டைப் படிப்பது மாதிரிச் சொன்னாள். திரௌபதியின் கை அப்படியே நின்றது.

"எப்போ?"

"போன வெள்ளிக்கிழம."

திரௌபதி விரல் மடக்கிப் பார்த்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். செவ்வாய்க்கிழமைதான் விதைத்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டாள். வாய் ஓயாத பொம்பளை பேசாமல் போனபோதுதான் ஜெயசுதாவுக்குத் தான் செய்த காரியம் விளங்கியது.

ஒன்பது வருஷமும் வீணாய்ப் போயிற்று என்று நினைத்தாள். இனி எந்த வீட்டிலும் பிரசவத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். வீட்டுக்குள் விடாத ஊரில் நர்ஸுக்கு என்ன வேலை? கீழே போகலாமென்றால் அங்கே ஆளே இல்லை. பயப்படவேண்டிய விஷயம்தான். பயமும் வரவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துப் புடவைகளை மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். விடிகாலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. இந்நேரம் நிலம் முழுக்க ஆள் இருக்கவேண்டும். ஏர் இல்லை, கூடை இல்லை, காடு வெறிச்சோடிக் கிடந்தது. சரி, அழிக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பெட்டியைப் பூட்டினாள்.

உச்சிவேளையில் மாதையன் வந்தார். பின்னால் திரௌபதி. அவர் உட்காரவில்லை.

"தப்பு என்னோடதுதாங்க. சாயந்தர ஜீப்புல போய்டறேன்" என்றாள் ஜெயசுதா.

"ஒன்ன எவன் போகச் சொன்னான்? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒனக்குப் பங்காளி யாரு?"

"யாருமில்ல. அவன் ஒருத்தன்தான்."

"தீட்டு காக்கறதுக்கு?"

"யாருமில்லங்க."

"அறிவிருக்குதா ஒனக்கு? எதிர்வூட்ல ஒரு பொம்பள குந்திகினு கீறா, அவகிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா?" மாதையனுக்கு மூச்சு வாங்கியது. "நேத்து ஊர் கூடிப் பேசிட்டோம். பாதிப் பேரு உழுது அழிச்சிடலாம்னு சொன்னான். நம்ம ஊரு பாண்டுரங்கன்தான் எழுந்து கேட்டான், இதுல வெளியாளு யாருன்னு. ஒன்ன வெளியாளுன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல. செத்தது நம்ம பங்காளி. சேதி கேட்ட நாள்லருந்து பதினோரு நாளு எவனும் ஏர் கட்டறதில்ல."

ஜெயசுதா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "மழ போய்டுமேங்க. பதினோரு நாள்ல ஈரம் காஞ்சிடும்."

"காஞ்சா காயட்டும். எங்க வூட்டு சாவுக்கு நாங்க குந்தறோம், ஒனக்கின்னா வந்துச்சி?"

திரௌபதி பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மழை போகத்தான் போனது. ஆறாம் நாள் காற்று திரும்பியது, ஒன்பதாம் நாள் மண் வெடித்தது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டிலிருந்து அவளுக்குச் சோறு வந்தது. யாரும் வானத்தைப் பற்றி அவள் எதிரே பேசவில்லை. அவளும் தின்றாள், நன்றி சொன்னாள், உள்ளே ஒன்றும் அசையவில்லை. இவ்வளவு செய்கிறார்களே, ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரமாட்டேன் என்கிறதே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பத்தாம் நாள் மாதையன் வாசலில் நின்று கேட்டார். "அவனுக்கு இன்னா புடிக்கும்?"

"முட்டை போண்டா" என்றாள். சொல்ல வெட்கமாக இருந்தது.

பதினோராம் நாள் ஓடையில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் தலை முழுகினார்கள். மாதையன் மொட்டை அடித்திருந்தார். கரையில் வாழையிலை போட்டுச் சோறு, குழம்பு, ஓரத்தில் கோணல்மாணலாய் நாலு முட்டை போண்டா. ஊர்க்காரி கன்னியம்மாள் யாரிடமோ கேட்டுக்கேட்டுச் சுட்டது, பாதி கருகியிருந்தது. மாதையன் இலைக்கு எதிரே ஈர வேட்டியோடு நின்று, சண்டைக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"டேய் நவீனு, எங்கடா சுத்திகினு கீற? ஒங்கக்கா எங்க வூட்லதான் கீறா. வந்து சாப்டுட்டுப் போடா."

ஜெயசுதா ஓடைக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, அது தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அப்புறம் தம்பி பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். திரௌபதி அவளைக் கட்டிக்கொண்டு அவளுக்கும் மேலே சத்தமாக அழுதாள். ஆண்கள் தலையைத் துவட்டாமல், அவள் அழுது முடிக்கும்வரை வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.